கண்ணுக்குத் தெரியாத விளக்கும் பார்வைக் குழுவும்

எங்கள் ஒளி ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு விளக்கு வெளியே போக வேண்டுமானால் அதை மூன்று பேர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, 'எரியக் கண்டோம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூவருக்குப் பார்வைக் குழு என்று பெயர். அவர்கள் கையெழுத்து இல்லாமல் எந்த விளக்கும் வாசல் கேட்டைத் தாண்டக் கூடாது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் எரியாத குண்டு பல்புகளைப் பெட்டி பெட்டியாக வெளியே அனுப்பி நிறுவனத்தின் மானத்தை வாங்கிவிட்டாராம். அன்றைக்குப் போட்ட விதி இது. குண்டு பல்புக்கு நல்ல விதிதான்.

என் தலையெழுத்து, நான் செய்தது கண்ணுக்குத் தெரியாத விளக்கு.

தெரியாத விளக்கு என்றால் எரியாத விளக்கு என்று அர்த்தமில்லை. இதை நிறுவனத்தில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உங்களுக்காவது புரியட்டும். சிவப்பைத் தாண்டியும் ஒளி உண்டு. சிவப்பை ஒட்டினாற்போல் இருக்கிற அந்த ஒளியை அண்மை அகச்சிவப்பு என்பார்கள். அது தோலுக்குள் புகுந்து போகும். ஆனால் ரத்தம் அதைக் குடித்துவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாவிட்டாலும் கேமராவுக்குத் தெரியும். ஆகவே ஒருவர் கையின் மேல் அந்த ஒளியை அடித்துக் கேமரா வழியாகப் பார்த்தால் தோல் வெளுப்பாகவும், உள்ளே ஓடுகிற ரத்தக்குழாய் கறுப்புக் கோடாகவும் தெரியும். ஊசி போடுகிறவர்கள் தட்டித் தடவித் தேட வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்துக் குத்தலாம்.

இதில் எனக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று கேட்டால், என் அண்ணன்.

அண்ணன் தையற்காரர். உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத வியாதி அவருக்கு. சில வாரங்களுக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். குத்திக் குத்தி நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் ஒரு கையில் தேடுவார், கிடைக்காது. மறு கையில் தேடுவார். பிறகு புறங்கை, அப்புறம் கால். ஒவ்வொரு தேடலும் ஒரு குத்து. வீட்டுக்கு வரும்போது இரண்டு கையும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். "வாழ்நாள் பூரா நான் துணியைக் குத்தினேன்டா. இப்ப ஊசி என்னைப் பழி வாங்குது" என்று சிரிப்பார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குக் காலையில் ஒரு வாய் சாப்பிட மாட்டார். ஒவ்வொரு முறையும், "இதோட சரி, இனிமே நான் வரலை" என்பார். "இன்னும் ஒரே ஒரு தடவை வாங்க. அடுத்த தடவைக்குள்ள தம்பி அந்த விளக்கைக் கொண்டுவந்துடுவான்" என்று அண்ணி தாஜா பண்ணி இழுத்துக்கொண்டு போவாள். போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

நிறுவனத்தில் எனக்குப் 'பொடி' என்று பெயர். நாள் முழுக்கப் பொடி அரைத்து உலையில் வைத்து எடுப்பதுதான் என் வேலை, அதுவும் ஒப்பந்த வேலை. ஒரு சின்ன நீல எல்.இ.டி.யின் மேல் அந்தப் பொடியைப் பூசிவிட்டால், பொடி நீல ஒளி முழுவதையும் வாங்கிக்கொண்டு அகச்சிவப்பாக வெளியே விடும். முதலில் பொடியில் குரோமியத்தை மட்டும் கொஞ்சம் கலந்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் சூடானதும் ஒளி வற்றிப்போனது. சிஸ்டர் ஊசியைக் கையில் எடுத்துக் குறி பார்க்கிற நேரத்துக்கு நரம்பு திரையிலிருந்து மறைந்துவிடும். அந்த விளக்கால் யாருக்கு என்ன பிரயோசனம்?

அதற்கு ஒரு வழி உண்டு. குரோமியத்தோடு இட்டர்பியம் என்று இன்னொன்றையும் துளி சேர்ப்பது. குரோமியம் ஒளியை வாங்கி, சூட்டில் வீணாக்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற இட்டர்பியத்தின் கையில் கொடுத்துவிடும். இட்டர்பியம் சூட்டுக்கு அசராமல் அதை வெளியே விடும். இதற்கு இணைக்கலப்பு என்று பெயர். உலகத்தில் பல பேர் செய்கிற காரியம்தான். எங்கள் நிறுவனத்தில் மட்டும் யாரும் செய்ததில்லை. ஏன் என்று உடனே தெரிந்துவிட்டது.

குரோமியம் குரோமியப் பிரிவின் பீரோவில் இருந்தது. இட்டர்பியம் அருமண் பிரிவின், அதாவது அரிய வகைத் தனிமங்களைக் கவனிக்கிற பிரிவின், பீரோவில் இருந்தது. இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் அறை ஏ.சி.யின் தண்ணீர் அவர் அறை ஜன்னலில் சொட்டியதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"அப்போ வெளிச்சத்தை வாங்கறது எங்க ஆளு. வெளிய விடறது அவங்க ஆளு. அப்படித்தானே?" என்றார் குரோமியத்தார்.

"ஆமா சார்."

"பேரு யாருக்குப் போகும்?"

"ரெண்டு பேருக்கும்தான் சார்."

"வாங்கிக் குடுக்கறவனுக்கு என்னய்யா பேரு? எடுபிடின்னா? நான் இந்த நாற்காலிக்கு வந்து இத்தனை வருஷத்துல எதையும் வாங்கி இன்னொருத்தர்கிட்ட குடுத்ததே இல்ல. வந்தது வந்தபடி இங்கயேதான் இருக்கும். வேணும்னா என் மேஜையைப் பாரு."

பார்த்தேன். வந்ததெல்லாம் வந்தபடி இருந்தது.

அருமண்காரர் வேறு விதமான கவலையில் இருந்தார். "எங்களோடது அருமண். பேர்லயே அருமை இருக்கு. அதைக் கொண்டுபோய் அவங்க பச்சைப் பொடியோட ஒரே கிண்ணத்துல போட்டு அரைக்கறதா?"

"அப்படித்தான் சார் செய்யணும்."

"சரி, வேலை முடிஞ்சதும் எங்களோடதைப் பிரிச்சுத் திருப்பிக் குடுத்துடணும்."

"பிரிக்க முடியாது சார். ரெண்டும் படிகத்துக்குள்ள போய் உட்கார்ந்துடும்."

"எந்த வரிசையில உட்காரும்?"

நான் அவரை ஒரு நிமிஷம் பார்த்தேன். மனுஷன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இரண்டு அறைக்கும் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. குரோமியத்தாரிடம் போய், "அருமண் சார் முடியாதுன்னுட்டார் சார். கலக்கவே கூடாதாம்" என்றேன். "அவர் யாருய்யா முடியாதுன்னு சொல்றதுக்கு? கொண்டா இங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதே வாக்கியத்தைப் பெயரை மட்டும் மாற்றி அருமண்காரரிடம் சொன்னேன். அங்கேயும் பலித்தது.

பொடி உலையிலிருந்து வெளியே வந்தது. பூசினேன். எரிய விட்டேன். கேமராவில் என் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கறுப்புக் கோடு, பேனாவால் போட்ட மாதிரி. விளக்கு தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடேறியது. கோடு அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணிக்கு போன் போட்டு, "ஆயிடுச்சு அண்ணி" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஒரு விஷயம் மட்டும் அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. பழைய பொடி ஒரு மங்கல் சிவப்பாகக் கண்ணுக்குக் கொஞ்சம் தெரியும். ஒளியில் ஒரு ஓரம் சிவப்புக்குள் சிந்திக்கொண்டிருந்ததுதான் காரணம். புதுப் பொடியில் அந்தச் சிந்தலும் உள்ளே வாங்கப்பட்டு அகச்சிவப்பாகவே போனது. அதாவது விளக்கு எவ்வளவுக்கு நன்றாக ஆனதோ அவ்வளவுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

பார்வைக் குழு உட்காருவது இருட்டறையில். குழுத் தலைவர் வாழ்க்கை முழுவதும் விளக்கு பார்த்தே தலை நரைத்தவர். இரண்டாவது உறுப்பினருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. மூன்றாமவரை எல்லோரும் 'ஆமாம் சார்' என்றே கூப்பிடுவார்கள், அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. முதலில் கதவைச் சாத்திக் கண் பழகுவதற்காக மூவரும் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது டீ வரும். இருட்டில் யார் டீயை யார் குடித்தார்கள் என்பது அவரவர் சர்க்கரை அளவைப் பொறுத்துத் தெரியவரும்.

"ம், போடுங்க" என்றார் தலைவர்.

"போட்டாச்சு சார்."

"போடுங்கன்னு சொன்னேன்."

"எரிஞ்சுட்டுத்தான் இருக்கு சார். இது கண்ணுக்குத் தெரியாத ஒளி. கேமராவுல பாருங்க, உங்க கை நரம்பு தெரியும்."

திரையைத் திருப்பிக் காட்டினேன். தலைவரின் புறங்கை நரம்பெல்லாம் ஆற்றுப் படுகை மாதிரி கிளை கிளையாக விரிந்து தெரிந்தது. தலைவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இது டி.வி. டி.வி.யில எதை வேணாலும் காட்டலாம். விதி என்ன சொல்லுது? கருவியின் துணையில்லாம கண்ணால பார்க்கணும்."

"சோடாபுட்டி சார் கண்ணாடி போட்டிருக்காரே சார்?" என்று வாயை விட்டேன்.

இருட்டிலிருந்து தலைவரின் குரல் பாடம் நடத்துவது போல வந்தது. "மூக்குக்கண்ணாடி கருவி இல்லைன்னு ஏற்கெனவே ஒரு துணைக்குழு போட்டு முடிவு பண்ணியாச்சு. அந்தத் துணைக்குழுவுல எல்லாரும் கண்ணாடி போட்டவங்க. விஷயம் தெரிஞ்சவங்க."

"ஆமாம் சார்" என்றார் ஆமாம் சார்.

ஒப்பிட்டுக் காட்டலாமே என்று பழைய விளக்கையும் போட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம். இருட்டில் ஒரு மங்கல் சிவப்பு மினுங்கியது. மூவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பேஷ்! இது விளக்கு" என்றார் தலைவர். "இதை விட்டுட்டு எதுக்குய்யா அந்தக் குருட்டு விளக்கைக் கொண்டு வந்தே?"

"சார், இது சூடானா வத்திடும். ஊசி போடற நேரத்துல நரம்பு தெரியாது."

"நரம்பு எங்க குழுவோட வேலை இல்லப்பா. நாங்க பார்க்கறது வெளிச்சம்."

தீர்ப்பு மறுநாள் வந்தது. ஆராய்ச்சி பின்னோக்கிப் போயிருப்பதாகவும், முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்றும், தெரிகிற மாதிரி திருத்திக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி முறை. "விளக்கு எங்கடா?" என்றார். "மேல பார்த்துக்கிட்டிருக்காங்கண்ணே" என்றேன். "சரி, பார்க்கட்டும். பெரிய விஷயம்னா பார்க்கத்தானே செய்வாங்க" என்று பெருந்தன்மையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அன்றைக்கு நரம்பு அகப்பட்டது இடது பாதத்தில்.

நான் இயக்குநரிடம் முறையிட்டேன். எங்கள் இயக்குநர் எதையும் மறுக்க மாட்டார். எதையும் செய்யவும் மாட்டார். எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் அழைத்து ஒரு கூட்டம் போட்டார்.

"நம்ம பொடி சொல்றது என்னன்னா," என்று ஆரம்பித்தார், "ஒரு தனிமம் சேர்த்தா சுமாரா இருந்ததாம். ரெண்டு சேர்த்தா பிரமாதமா ஆயிடுச்சாம். அப்போ எனக்கு ஒரு சந்தேகம். ஏன் ரெண்டோட நிறுத்தணும்? இந்த நிறுவனத்துல இத்தனை பிரிவு இருக்கு. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போடட்டுமே. யாரையும் விட்டுட்டோம்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்க."

கைதட்டல். நான் எழுந்து நின்றேன். "சார், அளவுக்கு மேல ஆள் சேர்த்தா ஒளி வெளிய வராது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர், அவர்கிட்ட இருந்து இன்னொருத்தர்னு உள்ளேயே கை மாறிக்கிட்டே இருந்து கடைசியில சூடா வீணாப் போயிடும்."

இயக்குநர் புன்னகைத்தார். "கை மாறிக்கிட்டே இருக்கறது தப்பா தம்பி? அதுக்குப் பேரு கலந்தாலோசனை. நான் இயக்குநரா ஆனதிலிருந்து ஒரு விஷயமும் என் மேஜையோட நின்னதில்ல. குழுவுக்குப் போகும், குழுவுலேர்ந்து துணைக்குழுவுக்குப் போகும், அங்கேர்ந்து திரும்ப எனக்கு வரும். சூடு வரும், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தராவது இருட்டா இருக்குன்னு புகார் சொல்லியிருக்காங்களா?"

"இல்ல சார்" என்றார்கள் எல்லோரும்.

அவரவர் பொட்டலத்தோடு வந்தார்கள். மாங்கனீசுப் பிரிவு, நிக்கல் பிரிவு, செம்புப் பிரிவு. இரும்புப் பிரிவுக்காரர் மூலையில் கிடந்த ஆணியின் துருவைச் சுரண்டிக் கொண்டுவந்தார் என்று நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது, ஆனால் பார்க்க அப்படித்தான் இருந்தது. யார் பொட்டலம் முதலில் விழுவது என்பதில் தகராறு. வயது மூப்புப்படி போடுவதாக முடிவானது. எதையும் குறைத்துப் போடக் கூடாது, குறைத்தால் அந்தப் பிரிவைச் சிறுமைப்படுத்தியதாக ஆகும். உலையைத் திறந்தபோது கிண்ணத்தில் கரிச்சட்டியின் அடியைச் சுரண்டினாற்போல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு நீலம், பச்சை, ஊதா எல்லா ஒளியும் காட்டிப் பார்த்தேன். கேமராவிலும் இருட்டு, கண்ணிலும் இருட்டு. கிண்ணம் மட்டும் சுட்டது.

"ஆக, எல்லாரும் ஒத்துழைச்சிருக்கோம்" என்றார் இயக்குநர் திருப்தியோடு.

இதற்குள் யாரோ மேலிடத்தில், ஆஸ்பத்திரிகளுக்கு நரம்பு காட்டும் விளக்கு தருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. துறையின் பெரியவர் வந்து சுவிட்ச் போடப்போகிறார். இயக்குநருக்கு முதன்முறையாக வியர்த்தது. என்னைக் கூப்பிட்டார். எனக்குள் ஒரு நப்பாசை. இரண்டு தனிமம் போட்ட என் விளக்கை மேஜையில் வைத்தேன். "இதுவே போதும் சார். பெரியவர் கையையே காட்டிடலாம்."

அவர் சுவிட்சைப் போட்டார். உற்றுப் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "பெரியவர் சுவிட்சைப் போட்டு எதுவும் எரியலைன்னா என்ன ஆகும் தெரியுமா? என் வேலை போகும்ப்பா. உன்னோடது ஒப்பந்த வேலை. உனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

மின்பிரிவு ஆள் வந்து என் விளக்கைப் போலவே ஒரு கூடு செய்து அதற்குள் ஒரு சின்னச் சிவப்பு பல்பை மாட்டினார். சாமி அறையில் எரியுமே, அந்த மாதிரி. பார்வைக் குழு அன்று மாலையே உட்கார்ந்தது. டீ ஆறுவதற்குள் 'எரியக் கண்டோம்' வந்துவிட்டது.

விழாவில் பெரியவர் சுவிட்சைப் போட்டார். சிவப்பாக எரிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பெரியவர் மைக்கைப் பிடித்தார். "கண்ணுக்குத் தெரியாத ஒளின்னு சொன்னாங்க. எனக்கு நல்லாத் தெரியுது! நம்ம விஞ்ஞானிகள் தெரியாததையே தெரிய வச்சுட்டாங்க. இதுவரைக்கும் எங்க துறை தெரிஞ்சதைத் தெரியாம வைக்கறதுலதான் கெட்டிக்காரத் துறைன்னு பேர் எடுத்திருந்தது. அந்தக் குறை இன்னையோட தீர்ந்துச்சு." அவர் சொன்னது அவருக்கே புரிந்ததா என்று தெரியவில்லை. முன் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. குரோமியத்தாருக்கும் அருமண்காரருக்கும் ஒரே சமயத்தில் சால்வை போர்த்தினார்கள். என் இருக்கை மேடைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கிய இடத்தில்.

பெட்டி பெட்டியாகச் சிவப்பு பல்புகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின.

அண்ணனின் அடுத்த முறைக்கு நானும் கூடப் போனேன். விளக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அண்ணன் காலையில் சாப்பிட்டிருந்தார். அதை அண்ணிதான் சொன்னாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. வார்டு சிஸ்டர் புது விளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அண்ணன் கையில் அடித்தார். கை சிவப்பாக இருந்தது. திருப்பிப் பிடித்தார். அந்தப் பக்கமும் சிவப்பாக இருந்தது.

"இதுல என்ன தெரியணும் சார்?" என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்தேன். சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு குத்த ஆரம்பித்தார். ஒன்று. இன்னொன்று. மறு கை. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். கடைசியில் கணுக்காலில் ஒரு இடம் கிடைத்து ரத்தம் இறங்க ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்து, "வெளிச்சம் பிரமாதம்டா. நரம்புதான் காணோம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டு, "இதோட போதும். அடுத்த தடவை உங்க அண்ணி என்ன கும்பிட்டுக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்றார். அண்ணி இந்த முறை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுவதற்கு அவளிடம் என்ன மிச்சம் இருந்தது? விளக்கைச் சொல்லித்தான் இத்தனை நாள் ஓட்டினாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் என் அலமாரியைத் திறந்து இரண்டு தனிம விளக்கை எடுத்துப் பைக்குள் வைத்தேன். கூடவே பழைய மொபைல் ஒன்று; அதன் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கிற கண்ணாடித் துண்டை நான் ஏற்கெனவே கழற்றியிருந்தேன். போனால் வேலை போகட்டும். திருடன் என்று சொன்னால் சொல்லட்டும். இப்படியெல்லாம் வீராப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் கேட்டை நெருங்க நெருங்க முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்தேன்.

காவலாளி பையைத் திறந்தார். கையை விட்டு விளக்கை எடுத்தார். "விளக்கா சார்?"

"ஆமா" என்றேன்.

"குழு கையெழுத்து இருக்கா?"

"இல்ல."

அவர் முகம் மாறியது. "என்ன சார் நீங்க, படிச்சவர். கையெழுத்து இல்லாம எரியற விளக்கு ஒண்ணு வெளிய போச்சுன்னா என் வேலை போயிடும்" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் போட்டார். கையால் மறைத்து நிழலில் வைத்துப் பார்த்தார். காதருகில் வைத்து ஆட்டினார். அவர் கையில் விளக்கு முழு மூச்சாக எரிந்துகொண்டிருந்தது.

"அட, போங்க சார்!" என்று சிரித்துவிட்டார். "இது செத்த விளக்கு. இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்த்து விறுவிறுக்கறீங்க? எரியாத சாமானெல்லாம் குப்பைக் கணக்கு. அதுக்குக் கையெழுத்தே வேணாம். எடுத்துட்டுப் போங்க."

"எரியுது" என்று சொல்ல ஒரு கணம் வாயெடுத்தேன். பழக்க தோஷம். நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு நேராகப் போய் அண்ணன் காலில் விழாத குறைதான். "கடைசியா ஒரே ஒரு தடவை வாண்ணே. இந்தத் தடவை நானே விளக்கைப் பிடிக்கிறேன். தெரியலைன்னா அப்புறம் உன்னைக் கூப்பிட மாட்டேன்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீயுமா பொய் சொல்லப் பழகிட்டே?" என்றார். ஆனால் நாள் வந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காலையில் சாப்பிடவில்லை.

வார்டில் சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிடிங்க சார், பார்ப்போம்" என்றார். விளக்கை அண்ணன் முன்கை மேல் பிடித்தேன். மொபைலை அதற்கு நேராக வைத்தேன். நாங்கள் எல்லோரும் காணாமல் போய்விட்டதாக நினைத்த நரம்பு, முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, சாய்வாக ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்தார்.

அண்ணன் கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "ம், குத்துங்க" என்றார்.

"குத்தியாச்சு."

"எங்க?"

"அங்கதான். ரத்தம் இறங்குது பாருங்க."

அவர் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மொபைல் திரையில் கறுப்பாக ஓடிய தன் நரம்பை வெகுநேரம் பார்த்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன், சொன்னால் என்ன.

"இது உங்க ஆபீஸ்ல எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"ஆச்சுண்ணே, குழு பார்க்கணும்னு..."

"பாதத்துல குத்துனாங்களே, அப்பவே இருந்துச்சா?"

குரோமியம், அருமண், விதி, கருவி என்று என் வாயில் எல்லா வார்த்தையும் இருந்தது. ஒன்றுகூட அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லத் தகுந்ததாக இல்லை. வெட்கத்தில் முகம் சுட்டது.

"அதையெல்லாம் அப்புறம் பேசுங்க" என்று சிஸ்டர் என் தோளைத் தட்டினார். "பக்கத்து பெட்டுக்கு வாங்க. அவரும் காலையிலேர்ந்து கையை ஒளிச்சு வச்சுக்கிட்டிருக்கார்."

பக்கத்து பெட்டில் ஒரு லாரி டிரைவர். மலை மாதிரி ஆள். போர்வைக்குள் இரண்டு கையையும் சொருகிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் போர்வையை விலக்கியதும் நடிப்பை விட்டுவிட்டு என் கையில் இருந்ததைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னா சார் இது? லைட்டே எரியலையே. எதைப் பார்த்துக் குத்தப் போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"எரியுதுய்யா. கையை நீட்டு."